ரயில்வே கேட்டில் நான் சொன்ன பொய்

என் அறுபத்திரண்டு வருஷ வாழ்க்கையில் நான் தெரிந்தே சொன்ன பொய் ஒன்றுதான். கவரப்பேட்டைக்கு வடக்கே இருக்கும் ரயில்வே கேட்டில், கேட்காரர் துளசிராமனிடம், பட்டப்பகலில் அதைச் சொன்னேன். அதற்காக நான் வெட்கப்படவில்லை. ஆனால் அது ஏன் சொல்ல வேண்டியதாயிற்று என்று எழுதி வைக்காவிட்டால், பின்னால் வருகிறவர்கள் பாக்கியநாதனாகிய என் குடும்பத்தைப் பற்றித் தப்பாக நினைத்துவிடக்கூடும்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. அறுப்பின் பண்டிகையன்று முதல் கதிரும் பூசணியும் கோழியும் காணிக்கையாக ஆலயத்துக்குள் வரும்போது, அதுவரை யாரும் பாடாத ஒரு புதுப்பாட்டைப் பாடித்தான் அவற்றை உள்ளே கொண்டுவர வேண்டும். பாட்டைக் கொடுக்கும் குடும்பத்தின் தலைவர் ஒரு மாதம் முன்பே ஞாயிறு ஆராதனையில் எழுந்து போய், எழுதிய காகிதத்தைக் குருவானவர் கையில் கொடுப்பார். அவரை நாங்கள் ஐயர் என்போம். 1967 முதல் ஒன்பது வருஷம் அந்தக் காகிதத்தைக் கொடுத்தவன் நான். எழுதியவன் என் மகன் தாவீது.

என் தகப்பனார் பண்ணை வீட்டின் கொல்லைப்புறத்தில் நின்று கூலி நெல் வாங்கியவர். கையெழுத்துக்குப் பதில் கட்டைவிரல் வைத்தவர். அவருடைய பேரன் எழுதிய பாட்டை அதே பண்ணை வீட்டுப் பிள்ளைகள் முணுமுணுத்துக்கொண்டு போனதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன். இதைப் பெருமை என்று யாராவது சொன்னால், ஆம், பெருமைதான்.

1976இல் ஆலயத்துக்கு ஐம்பது வருஷம் நிறைந்தது. பண்டிகைக்குப் பேராயர் வருவதாக இருந்தது. ஜூலை மாதச் சபைக் கூட்டத்தில் ராஜமாணிக்கம் எழுந்து நின்றார். அவரும் என்னைப்போல் சபை மூப்பர்தான். எதையும் சிரித்துக்கொண்டே கேட்பவர்.

"மூப்பரே, உம்ம பையன் கம்பெனிக்குப் போய்க்கினு கீறான். ஷிப்டு கிப்டுன்னு அலையறான். பேராயர் வர்ற வருசம். பாட்டு வருமா, வராதா? எங்க ஊட்டுல பெரியவன் ஒண்ணு எழுதி வெச்சிருக்கான், அதுக்குத்தான் கேக்கறேன்."

"வரும்" என்றேன். "செப்டம்பர் மொத ஞாயித்துக்கெழம ஐயர் கையில இருக்கும்."

தாவீதைக் கேட்காமல்தான் சொன்னேன். கேட்க வேண்டும் என்று அப்போது தோன்றவில்லை.

தாவீது கும்மிடிப்பூண்டியில் கம்பி இழுக்கும் கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. தடித்த இரும்புக் கம்பியைச் சின்னச் சின்னத் துளைகள் வழியாக இழுத்து இழுத்து மெல்லிய கம்பியாக்கும் இயந்திரம் அவன் பொறுப்பில் இருந்தது. ஓடும் கம்பி அறுந்தால் சாட்டை மாதிரி சுழன்று வரும். கண்ணை எடுக்கக்கூடாது. காலை ஆறு மணிக்கு உள்ளே போனால் இரண்டு மணிக்குச் சங்கு ஊதியதும் வெளியே வருவான். சைக்கிளில் வீடு வர மூன்று ஆகும்.

வீட்டில் அவனுக்காக எப்போதும் யாராவது காத்திருப்பார்கள். ரேஷன் கார்டு மனு, பட்டா மனு, பள்ளிக்கூடத்துக்கு ஒரு கடிதம், கல்யாணத்துக்கு வாழ்த்து மடல். எவர் வந்தாலும் நான் இல்லை என்று சொன்னதில்லை. மகன் எழுதுவான், மரியாதை குடும்பத்துக்கு வரும். அப்படித்தான் கணக்குப் போட்டிருந்தேன்.

ஆகஸ்ட் முதல் தேதி வீட்டை ஒழுங்குபடுத்தினேன். பேரப்பிள்ளைகள் இருவரையும் மாலை வரை பக்கத்து வீட்டுக்கு அனுப்பினேன். ரேடியோ பாடக்கூடாது என்றேன். உள் அறையில் மேஜை போட்டு, கோடு போட்ட காகிதமும் இரண்டு பென்சிலும் வைத்தேன். அறைக் கதவுக்கு வெளியே ஒரு நாற்காலி போட்டு நானே காவலுக்கு உட்கார்ந்தேன். அரை மணிக்கு ஒரு தரம் உள்ளே பார்த்துக் கேட்பேன்.

"எத்தன அடி ஆச்சு?"

"வரும் நைனா."

அவன் பென்சிலைச் சீவிக்கொண்டிருப்பான். பென்சில் நாளுக்கு நாள் குட்டையாகிக்கொண்டு வந்தது. காகிதம் வெள்ளையாகவே இருந்தது.

ஐந்தாம் நாள் மருமகள் சாராள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு என் எதிரில் வந்து நின்றாள். "மாமா, இப்பிடி கதவாண்ட நீங்க உக்காந்துகினு இருந்தா அவருக்கு எப்பிடி வரும்? கோழியப் பாத்துகினே உக்காந்திருந்தா அது முட்ட போடுமா?"

"நான் காவலுக்கு உக்காந்திருக்கேம்மா."

"காவல்னு நீங்க சொல்றீங்க. உள்ள இருக்கறவருக்கு அது ஜெயிலு."

நாற்காலியை ஒரு முழம் தள்ளிப் போட்டேன்.

இரண்டாம் வாரத்தில் தாவீது வீட்டுக்கு வரும் நேரம் மாறியது. மூன்று மணி நாலாயிற்று. பிறகு நாலேகால். ஓவர்டைமா என்று கேட்டேன். இல்லை என்றான். அந்த ஞாயிற்றுக்கிழமை ஆலயத்து வாசலில் ராஜமாணிக்கம் என் பக்கத்தில் வந்து செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்தார்.

"உம்ம பையன் சைக்கிளு தெனம் ரயில்வே கேட்டாண்ட நிக்குது மூப்பரே. உள்ள உக்காந்து ஆட்டம் ஆடிக்கினு கீறான்னு சொல்றாங்கோ. சீட்டாட்டமா, வேற ஆட்டமா, அது எனக்குத் தெரியாது. நான் ஒண்ணும் பாக்கல."

சபைக்குப் பாட்டு எழுதுகிறவன் சீட்டாடினான் என்று பேராயர் வரும் வருஷத்தில் ஊர் பேசினால் என்ன மிஞ்சும்?

மறுநாள் இரண்டு மணிக்கே குடையை எடுத்துக்கொண்டு போய்க் கேட்டுக்குச் சற்றுத் தள்ளியிருந்த வேப்பமரத்தடியில் நின்றேன். ஆடி கடைசி. பழவேற்காட்டுப் பக்கத்திலிருந்து பெரியபாளையத்துக்குப் போகும் மாட்டு வண்டிகள் வேப்பிலை கட்டிக்கொண்டு வரிசையாக வந்தன. இரண்டே முக்காலுக்குத் தாவீது வந்தான். சைக்கிளைச் சாத்தினான். பானைத் தண்ணீரில் முகம் கழுவினான். காக்கிச் சட்டை போட்ட கேட்காரர் ஒரு துண்டைத் தூக்கி அவன்மேல் போட்டார். இருவரும் கேட் அறையின் நிழலில், சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தார்கள்.

நான் மெல்ல நெருங்கினேன். சீட்டில்லை. பாட்டிலும் இல்லை. தரையில் சாக்கட்டியால் ஆடுபுலிக் கட்டம் போட்டிருந்தது. ஆட்டுக்குப் புளியங்கொட்டை, புலிக்கு ரயில் பாதை ஜல்லி மூன்று. என் மகன் புலி. அவன் முதுகு தளர்ந்து, தோள் இரண்டும் கீழே இறங்கியிருந்தன. எங்கள் வீட்டில் யாரும் அப்படி உட்காரமாட்டோம். அவன் இடது கை விரல்கள் தரையில் ஏதோ ஒரு கணக்கில் தட்டிக்கொண்டே இருந்தன. அதைப் பார்த்தேன். பார்த்தும் எனக்கு விளங்கவில்லை.

"கம்பி, மூணாவது புலியும் மாட்டிக்கிச்சு பாரு" என்றார் கேட்காரர். "தெனம் தோக்கறியே, உனக்கு மூளைன்னு ஒண்ணு கீதா, இல்ல அதையும் மிஷின்ல வுட்டு இழுத்துட்டாங்களா?"

என் மகன் சிரித்தான். வாய்விட்டுச் சிரித்தான். அந்தச் சத்தத்தை இரண்டு வருஷமாக எங்கள் வீடு கேட்கவில்லை. ஆனால் அந்த நிமிஷத்தில் என் காதில் விழுந்தது சிரிப்பல்ல, "மூளை கீதா" என்ற கேள்விதான். நான் நிழலுக்குள் போய் நின்றேன்.

"எழுந்திரு."

தாவீது எழுந்தான். முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே அணைந்துபோயிற்று.

"யாரப் பாத்து மூளை கீதான்னு கேட்டீங்க?" என்று கேட்காரரிடம் திரும்பினேன். "இவன் யாருன்னு தெரியுமா உங்களுக்கு?"

"நைனா, வேணாம்" என்றான் தாவீது மெதுவாக. "வேணாம் நைனா, வாங்க போலாம்."

நான் நிறுத்தவில்லை. வண்டிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றுதான் குரலை உயர்த்தினேன். "இவன் பேரு தாவீது. பாக்கியநாதன் மகன். ஒன்பது வருசமா சபைக்குப் பாட்டு எழுதறவன். இந்த வருசம் பேராயரே இவன் பாட்டக் கேக்க வர்றாரு. இவனுக்கா மூளை இல்ல?"

கேட்காரர் சடக்கென்று எழுந்து தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டார். "ஐயையோ, தெரியாம பூடுச்சு பெரியவரே. பாட்டு எழுதறவங்களா! ஒரு வார்த்த சொல்லலியே கம்பி..." என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டு, "சார்" என்று முடித்தார்.

அந்த 'சார்' என் மகன்மேல் விழுந்ததை நான் பார்த்தேன். அடி வாங்கினவன் மாதிரி கண்ணை மூடித் திறந்தான்.

"ஆவணி கடைசில என் பொண்ணுக்குக் கல்யாணம் சார்" என்று கேட்காரர் கை கட்டிக்கொண்டு சொன்னார். "ஒரு வாழ்த்து மடல் எழுதிக் குடுங்க. பொண்ணு பேரு, மாப்பிள்ள பேரு, எங்க அண்ணங்க நாலு பேரு, எல்லாம் வரணும். எங்க தங்கச்சி ஊட்டுக்காரரு பேரு மட்டும் வுட்டுப்போச்சுன்னா மனுசன் பந்தியிலயே உக்கார மாட்டாரு. நான் வேணா ஞாயித்துக்கெழம ஊட்டாண்ட வரட்டா?"

தாவீது குனிந்து புளியங்கொட்டைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி டப்பாவில் போட்டான். மூன்று ஜல்லியையும் எடுத்துக்கொண்டு போய்ப் பாதையோரம் வைத்தான். "வாங்க. எழுதித் தரேன்" என்றான். "வரும் நைனா" என்று என்னிடம் சொல்லும் அதே குரல்.

வழியில் அவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தான். நான் பக்கத்தில் நடந்தேன்.

"போற வர்ற வண்டியெல்லாம் பாக்க, ஒரு கேட்காரன் உன்ன..."

"அவருக்கு நான் யாருன்னு தெரியாது நைனா. அதுக்காகத்தான் அங்க போனேன்."

"இது இன்னா பேச்சு?"

அவன் நின்றான். என்னைப் பார்க்காமல் சைக்கிள் மணியைப் பார்த்துக்கொண்டு பேசினான். "எட்டு மணி நேரம் மிஷினு. வெளிய வந்தாலும் காதுல அது ஓடிக்கினே இருக்குது. ஊட்டுக்குள்ள கால வெச்சா மனு வாங்க ஆளு நிக்குது. நீங்க எத்தன அடின்னு கேக்கறீங்க. ராத்திரி படுத்தாலும் ஓடுது. அந்தக் கேட்டாண்ட ஒரு மணி நேரம் உக்காந்தா அது நின்னுடும் நைனா. அவரு என்னக் கம்பின்னு கூப்புடறாரு. தோத்தா திட்டறாரு. அவ்ளோதான். மிஷினு நின்னதும் ஒரு அடி, ரெண்டு அடி தானா வரும். வந்துகினு இருந்துச்சு. இன்னிக்குப் பல்லவி முழுசா வந்துடுச்சு."

"எங்க, சொல்லு."

இப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"போயிடுச்சு" என்றான்.

மறுநாளிலிருந்து மூன்று மணிக்கே வீட்டுக்கு வந்துவிட்டான். கேட்டில் நிற்காமல், தலையைக் குனிந்துகொண்டு சைக்கிளை வேகமாக மிதித்துப் போய்விடுகிறான் என்று பிறகு தெரிந்தது. வந்ததும் மேஜைமுன் உட்கார்ந்தான். நான் நாற்காலியை எடுத்துவிட்டிருந்தேன். அதனால் ஒன்றும் ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை துளசிராமன் வெற்றிலைத் தட்டோடு வந்தார். பதினேழு பேர் கொண்ட பட்டியல் ஒன்றைக் கொடுத்தார். தாவீது உள் அறைக்குப் போய் ஒரு மணி நேரத்தில் இருபத்துநாலு அடி எழுதிவந்து நீட்டினான். தங்கச்சி வீட்டுக்காரர் உள்பட எல்லாரும் அதில் இருந்தார்கள். பிழை ஒன்றும் இல்லை. உயிரும் இல்லை. ஒன்பது வருஷமாக அவன் எழுத்தைச் சுமந்துபோய்க் கொடுத்தவன் நான். எனக்குத் தெரியாதா?

செவ்வாய்க்கிழமை மதியம் கம்பெனி ஆள் ஒருவர் அவனைச் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிவந்தார். இடது கையில் பெரிய கட்டு. கம்பி அறுந்து சுழன்றதில் இரண்டு விரல் கிழிந்து தையல் போட்டிருந்தார்கள். இன்னும் ஒரு அங்குலம் தள்ளியிருந்தால் இரண்டும் போயிருக்கும் என்றார் வந்தவர்.

"பாத்துகினுதான் இருந்தேன் நைனா" என்றான் தாவீது. "அறுந்தது தெரியல."

சாராள் அவனைப் படுக்கவைத்தாள். பிறகு உள் அறைக்குப் போய் அந்த மேஜையைத் தனியாகவே இழுத்துக்கொண்டுவந்து முற்றத்தில் போட்டு, அதன்மேல் தண்ணீர்க் குடத்தை வைத்தாள். நான் போட்ட மேஜை. என் பக்கம் திரும்பினாள்.

"இன்னும் எட்டு விரல் நல்லா கீது மாமா. உங்க பாட்டுக்கு எத்தன வேணும்?"

என்னை அப்படி ஒருவரும் கேட்டதில்லை. அவளை அதட்ட வாய் எடுத்தேன். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

நேராக ஐயர் வீட்டுக்குப் போனேன். இந்த வருஷம் எங்கள் குடும்பத்திலிருந்து பாட்டு இல்லை என்று சொன்னேன். அவர் நல்ல மனிதர். "பையனுக்குக் கையில அடின்னு சொல்லிடலாம் மூப்பரே, யாரும் ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க" என்றார்.

"வேணாம் ஐயா. அப்பிடிச் சொன்னா, கை ஆறினதும் பாட்டு எங்கேன்னு கேப்பாங்க. மொத ஞாயித்துக்கெழம நானே எழுந்து இல்லன்னு மட்டும் சொல்லிடறேன்."

அங்கிருந்து கேட்டுக்கு நடந்தேன். இரண்டு மைல். வழியெல்லாம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனேன். சபையில் வாக்குத் தவறியதைச் சொல்லிவிடலாம், அது உண்மைதான். கேட்டில் நடந்ததைத் திருப்பி எடுக்க ஒரே ஒரு வழிதான் இருந்தது.

துளசிராமன் தரையில் உட்கார்ந்து ஆட்டுக்கும் புலிக்கும் தானே காய் நகர்த்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"கேட்காரரே" என்றேன். "அன்னிக்கு நான் சொன்னது பொய்."

"எது பெரியவரே?"

"என் மகன் பாட்டு எழுதறவன்னு சொன்னது. அவனுக்கு ஒரு அடி எழுத வராது. பெத்த புள்ளைய நாலு பேரு முன்னாடி ஒசத்தியா காட்டணும்னு சொல்லிட்டேன்."

அவர் என்னையே பார்த்தார். "அப்போ மடலு? எழுதிக் குடுத்தாரே?"

"அச்சாபீசுல அடிச்ச பழைய மடல் ஒண்ணு ஊட்டுல கெடந்துச்சு. அதுல பேர மாத்தினது."

முதலில் அவர் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு முடியவில்லை. கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "அதானே பாத்தேன்! மூணு புலிய வெச்சுக்கினு ஒரு ஆட்டப் புடிக்கத் தெரியல, இவரு பேராயருக்குப் பாட்டு எழுதறாராம்! நான் வேற சாருன்னு கூப்ட்டுட்டேன். இந்த வயசுல உங்களுக்கு இன்னாத்துக்கு நைனா இந்தப் பேஜாரு? பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேணாமா?"

நான் நிமிர்ந்து நின்றேன். நான் எப்போதும் நிமிர்ந்து நிற்பவன்தான். அன்றைக்கு மட்டும் அதற்குப் பாடுபட வேண்டியிருந்தது.

"ஒரு உதவி" என்றேன். "அவன் வந்தா இதப்பத்திக் கேக்காதீங்க. யாருக்கும் எழுதிக் குடுன்னு அனுப்பாதீங்க."

"எழுதத் தெரியாதவனாண்ட நான் யார அனுப்பப்போறேன்? ஒரு வாரமா ஒண்டியா ஆடிக்கினு கீறேன், மனசே வெறுத்துப்போச்சு. மொதல்ல அவன வரச் சொல்லுங்க."

செப்டம்பர் முதல் ஞாயிறு ஆராதனையில் எழுந்து, எங்கள் வீட்டில் இந்த வருஷம் பாட்டு இல்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். ஏன் என்று சொல்லவில்லை. ராஜமாணிக்கம் தம் காகிதத்தை எடுத்துக்கொண்டு என் இருக்கையைக் கடந்து போனார். எவ்வளவு மெதுவாக நடக்க முடியுமோ அவ்வளவு மெதுவாக நடந்தார்.

கை ஆறித் தாவீது வேலைக்குப் போன முதல் நாள், "திரும்பி வரும்போது கேட்டாண்ட நின்னுட்டு வா. துளசிராமன் தேடறாரு" என்றேன்.

அவன் முகம் சுருங்கியது. "இன்னொரு மடலா?"

"இல்ல. ஆட்டத்துக்கு ஆளு இல்லியாம்."

அன்று நாலேகாலுக்கு வந்தான். சாப்பிட உட்கார்ந்தவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். "அவரு என்னப் பாத்துப் பாத்து சிரிக்கறாரு நைனா. 'உங்க அப்பாவுக்கு உன்மேல ரொம்ப ஆச, கம்பி'ன்னு சொல்றாரு. நீங்க அங்க போனீங்களா? இன்னா சொன்னீங்க?"

"சோறு ஆறுது, சாப்புடு" என்றேன்.

அக்டோபரில் பேராயர் வந்தார். ராஜமாணிக்கம் வீட்டுப் பாட்டோடு கதிரும் பூசணியும் உள்ளே வந்தன. இரண்டாம் சரணத்தில் தாளம் இடித்தது. மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை. தாவீது எல்லாரையும்விட உரக்கப் பாடினான். பத்து வருஷத்துக்குப் பிறகு அவன் யாருடைய பாட்டையோ பாடுகிறான் என்று எனக்குத் தோன்றியது. நானும் பாடினேன். வெளியே வரும்போது இரண்டு பேர் என்னைப் பார்க்காத மாதிரி போனார்கள். இப்போதும் சிலர் அப்படித்தான்.

நவம்பரில் ஒரு நாள் மாலை, மழை விட்டிருந்தது. தாவீது கொல்லைப்புறத்தில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தான். திடீரென்று துடைக்கும் சத்தம் நின்றது. வாய்க்குள்ளேயே ஏதோ ஓடுவதும், தையல் போட்ட விரல்கள் சைக்கிள் கேரியரில் தட்டுவதும் கேட்டன. அந்த மெட்டை நான் எங்கும் கேட்டதில்லை. உள்ளே சாராள் அரிசி புடைப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நான் எழுந்தேன். கொல்லைப்புறம் போகவில்லை. தெருவுக்குப் போனேன்.

எதிரே பட்டா மனு எழுதிவாங்க ஒருவர் வந்துகொண்டிருந்தார். "தாவீது கீறாரா மூப்பரே?"

"இல்ல" என்று சொன்னால் அது இரண்டாவது பொய்யாகிவிடும். "கீறான். ஆனா மனு இனிமே நான்தான் எழுதறேன். வாங்க" என்று அவரை ஆலயத்து மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். என் கையெழுத்து கோணல். தாலுகா ஆபீசில் படிக்க முடியவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். மறுபடி உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன்.

எத்தனை அடி ஆயிற்று என்று தாவீதை நான் இன்றுவரை கேட்கவில்லை.